‘நான் விட்டால் இதற்கு யார்?’: தூக்கிப் போட மனம் வராத பொருள்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒன்பது ஆண்டுகளாக ஒரு குடை சாய்ந்து நின்றது. எட்டுக் கம்பிகளில் இரண்டு ஒடிந்தவை. விரித்தால் ஒரு பக்கம் துணி தொங்கும், இறக்கை முறிந்த காக்கை போல. நான் ஆசைப்பட்டு வாங்கிய குடை அல்ல. யாருடைய நினைவும் அதில் இல்லை. மழைக்கு வேறு நல்ல குடை இருக்கிறது. ஆனாலும் வீட்டை ஒழிக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கையில் எடுப்பேன், மரக் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பேன், மறுபடி கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவேன். ஏன் என்று நெடுநாள் விளங்கவில்லை. நம்மை நம்பி வந்த ஒன்றை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வருவது போன்ற உறுத்தல் அது என்று பிறகுதான் பிடிபட்டது. நான் விட்டால் இதற்கு யார்?

வீட்டை ஒழிப்பது பற்றிய அறிவுரைகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. ‘ஒரு வருடமாகத் தொடவில்லையா, தூக்கிப் போடு’ என்பார்கள். தொடவில்லை என்பது எனக்கும்தான் தெரியும். பயன்படுமா, படாதா என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவேன். கை பின்வாங்குவதற்குக் காரணம் வேறு: அந்தப் பொருளுக்கு நான் ஏதோ கடன்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம். கடன் என்றால் யாருக்கு, எவ்வளவு, எப்போது தீரும் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்தக் கணக்கு வழக்கைப் பற்றியவை.

முதல் படி: இது பொறுப்புதானா என்று பாருங்கள்

பொருள்களை விட முடியாமல் தவிப்பதை ஆராய்ந்த கெயில் ஸ்டெக்கெட்டி, ரேண்டி ஃப்ராஸ்ட், மைக்கேல் கிரியோஸ் ஆகியோர் 2003-ல் 24 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். விடாமல் வைத்துக்கொள்வதற்குப் பின்னால் இருக்கும் எண்ணங்களை அது நான்காகப் பிரிக்கிறது: பொருளின் மேல் பாசம், மறந்துவிடுவோமோ என்ற பயம், என் பொருளை வேறு யாரும் தொடக் கூடாது என்ற பிடிப்பு, பொருளின் நலனுக்கு நான்தான் பொறுப்பு என்ற உணர்வு. நான்காவது தனி வகை என்று தெரிந்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அதுவரை அதைக் கஞ்சத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய ஒரு கற்பனை போதும். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லாமல் அந்தப் பொருள் காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது லாரியிலேயே தங்கிவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை. மனம் கலங்குகிறதா? அப்படியானால் அது பாசம். அந்தப் பொருளை வைத்துக்கொள்ளுங்கள், இந்த வழிகாட்டி அதற்கானது அல்ல. ‘அடடா, நாளைக்குத் தேவைப்படுமே’ என்று தோன்றுகிறதா? அது தேவை. அப்பாடா என்று ஒரு மூச்சு வருகிறதா? அதுதான் பொறுப்பு. தொலைந்தால் நிம்மதி தரும், ஆனால் நாமாகத் தொலைக்க முடியாது என்ற இந்த வினோதமான நிலையில் எத்தனை பொருள்கள் வீட்டில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஓர் அலமாரியும் பரணில் பாதியும் தேறின.

இரண்டாம் படி: கடன்காரர் யார் என்று எழுதுங்கள்

சின்னச் சின்னத் தாள் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டை ஒட்டி, ‘இதைப் போட்டால் யார் வருத்தப்படுவார்?’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுதுங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, எழுத வேண்டும். எழுதும்போதுதான் பதில்களின் வேடிக்கை தெரியும். ‘அக்கா’, ‘அப்பா’, ‘போட்ட காசு’, ‘பூமி’, ‘எதிர்கால நான்’ என்றெல்லாம் எனக்கு வந்தன. குடையில் ஒட்டிய தாளில் ‘குடை’ என்று எழுதியிருந்தேன்.

மூன்றாம் படி: ஒவ்வொரு கடனாகத் தீருங்கள்

இதுதான் நீண்ட படி. ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம்.

பொருளே வருத்தப்படும் என்றால்: முதலில், வெட்கப்படாதீர்கள். உளவியலாளர்கள் ஃப்ரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் 1944-ல் ஒரு சிறு அசைபடத்தைக் காட்டிப் பார்த்தார்கள். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு செவ்வகத்தைச் சுற்றி நகரும், அவ்வளவுதான். பார்த்ததை விவரிக்கச் சொன்னபோது முதல் குழுவின் 34 பேரில் ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்தன என்று சொன்னார். மற்றவர்கள் பெரிய முக்கோணம் மிரட்டியது, வட்டம் பயந்து ஒளிந்தது என்று கதையே சொன்னார்கள். வெறும் கோடுகளுக்கே உயிர் கொடுக்கும் மனம், கண்ணும் காதும் வைத்துத் தைத்த பொம்மையைச் சும்மா விடுமா?

அதனால் ‘அது வெறும் பஞ்சு’ என்று மனத்தோடு வாதாடுவதில் பயன் இல்லை. வழியனுப்பி வைப்பது பயன் தரும். பொம்மையைத் தூசி தட்டி, கிழிந்த இடத்தில் இரண்டு தையல் போட்டு, ஒரு துணியில் சுற்றுங்கள். முகம் தெரியும்படி பையில் வைக்காதீர்கள்; வாசலில் இருந்து அது உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இரவில் எழுந்து போய் எடுத்து வந்துவிடுவீர்கள். நான் எடுத்து வந்திருக்கிறேன். சொல்ல வேண்டியது இருந்தால் வாய்விட்டே சொல்லிவிடுங்கள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்பளிப்பு கொடுத்தவர் வருத்தப்படுவார் என்றால்: அவர் கடைசியாக எப்போது அதைப் பற்றிக் கேட்டார்? பெரும்பாலும் கேட்டே இருக்க மாட்டார். அன்பளிப்பு கைமாறும் அந்த நிமிடத்தில் உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததோடு அவருக்கு அது முடிந்துவிட்டது. உங்களைக் கிடங்குக் காவலராக நியமிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கேட்டால் சொல்ல ஒரு பதிலை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அது உண்மையாகவும் இருக்கட்டும்: ‘இத்தனை வருடம் வைத்திருந்தேன், இப்போது தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்தேன்.’ என் அக்கா கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பற்றி இந்தப் பதிலைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எந்தக் கடிகாரம் என்று கேட்டாள்.

இறந்தவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றால்: இங்கே அவசரமே கூடாது. துக்கம் பச்சையாக இருக்கும்போது எதையும் வெளியே அனுப்பாதீர்கள். பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி மூடிவிடுங்கள். பிறகு திறக்கும்போது மூன்று வேலைகள். முதலாவது, பத்திரங்களையும் சான்றிதழ்களையும் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாவது, உரிமை உள்ள உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் படத்துடன் ஒரு பட்டியல் அனுப்பி, ஒரு தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று பொருள். இதை எழுத்தில் வைத்துக்கொள்வது பின்னால் வரும் பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். மூன்றாவது, எல்லாவற்றையும் வைப்பதா விடுவதா என்று மலைக்காமல், அவருக்காக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடிகள் ஏழு என்னிடம் இருந்தன. ஆறு வெறும் கண்ணாடிகள்தான். ஏழாவதன் இடது காம்பில் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. திருகு விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சுற்றியது. நுனி காதைக் குத்தாமல் இருக்க உள்பக்கமாக மடக்கிவிட்டிருந்தார். ஏழும் ஒரே டப்பாவில் கிடந்தவரை அந்தக் கம்பியை நான் கவனித்ததே இல்லை. ஆறு கண்ணாடிகளை, பழைய கண்ணாடிகளைச் சேகரித்துச் சரிபார்த்துத் தேவைப்படுபவர்களுக்கு அளிக்கும் ஓர் அமைப்பிடம் கொடுத்தேன். கம்பி சுற்றியது என் மேசையில் இருக்கிறது.

போட்ட காசு உறுத்தினால்: ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டை (ஒரு பருவத்தின் நாடகங்கள் எல்லாவற்றுக்குமான சீட்டு) முழு விலைக்கு வாங்கியவர்கள், எதிர்பாராமல் தள்ளுபடி கிடைத்தவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இருவருக்கும் அதே நாடகங்கள்தான், கொடுத்த காசுதான் இழுத்து வந்திருக்கிறது. இன்னொன்று: கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட சோதனைகளில், கையில் ஒரு கோப்பை கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அது அவர்கள் கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. உங்களிடம் அந்தப் பொருள் பத்து ஆண்டாக இருக்கிறது. எனவே நீங்கள் நினைக்கும் விலையில் பாதியைப் போட்டு விற்பனைக்கு வையுங்கள். இரண்டு வாரத்தில் போகாவிட்டால் இலவசமாகக் கொடுங்கள்.

பூமிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால்: எனக்கு மிகவும் மரியாதை உள்ள உறுத்தல் இது. ஐ.நா. அமைப்புகள் பங்கேற்ற கணக்கெடுப்பின்படி 2022-ல் உலகில் 62 மில்லியன் டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 22.3 விழுக்காடுதான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது. இதைப் படித்துவிட்டுப் பழைய கைபேசியைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? வரவும் வேண்டாம். ஆனால் இழுப்பறையில் வைத்திருப்பதைப் பூமிக்குச் செய்யும் உதவி என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கைபேசிக்கான தாமிரமும் கோபால்ட்டும் தோண்டியாகிவிட்டன. மறுசுழற்சிக்குப் போனால் ஒரு பகுதியாவது திரும்பும். இழுப்பறையில் கிடந்தால் எதுவும் திரும்பாது.

அதோடு, வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்பதே தவறு. கார உலர் மின்கலங்கள் கசிந்து, டார்ச்சின் உள்ளே வெள்ளையாகப் பூத்து, தொடுமுனைகளை அரித்துவிடும். லித்தியம் மின்கலம் உப்பும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட காலணியை ஒரு நாள்கூட அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும், காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளை முறித்து, ஆண்டுகள் கழித்துப் போட்டு நடந்தால் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிரும். எலாஸ்டிக் இழுவிசை இழக்கும். பட்டு மடிப்போடு கிழியும். வெப்பத் தாளில் அச்சிட்ட ரசீது வெளிறி வெற்றுத்தாள் ஆகும். ‘நல்ல நிலையில் இருக்கிறது, வீணாக்க வேண்டாம்’ என்று ஐந்து ஆண்டு பாதுகாத்த பையை நான் எடுத்தபோது, உள் உறை கறுப்புத் துகளாகக் கையில் ஒட்டியது. வாங்கிய புதிதில் கொடுத்திருந்தால் யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்குத் தூக்கிப் போயிருக்கும். அதை வீணாக்கியது என் பரண்தான்.

எதிர்கால நான் கோபிப்பேன் என்றால்: கற்றுக்கொள்ளாத இசைக்கருவி, தைக்காத துணி, படிக்காத மொழிப் பாடநூல். நாள்காட்டியில் வரும் முப்பது நாள்களுக்குள் ஒரு மணி நேரத்தைக் குறித்து அதைத் தொடங்குங்கள். தொடங்கவில்லை என்றால், தொடங்கக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள்.

நான்காம் படி: கடமைக்கு எல்லை போடுங்கள்

பொறுப்புணர்வு மிக்கவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘தகுந்த ஆள்’. ஒரு தட்டச்சுப் பொறியைத் தகுந்த ஆளிடம்தான் கொடுப்பேன் என்று மூன்று ஆண்டு தேடினேன். அவர் தட்டச்சு தெரிந்தவராக, பழைய பொருள்களில் ஆர்வம் உள்ளவராக, விற்றுவிடாதவராக, எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பவராக இருக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் அப்பாக்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார். இதற்கிடையே உருளையின் ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டது.

இப்போது தாள் துண்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதுகிறேன். இதற்கு நான் செய்யப்போவது என்ன? அதற்கு எத்தனை மணி நேரம்? எந்தத் தேதிக்குள்? பெரும்பாலானவற்றுக்கு: துடைத்துச் சுத்தம் செய்வேன், இரண்டு பேரிடம் கேட்பேன், இரண்டு மணி நேரம், பதினான்கு நாள். இருவரும் வேண்டாம் என்றால், பொதுவான நன்கொடைக்கோ மறுசுழற்சிக்கோ போகும். இன்னொரு விதி: கொடுத்த பிறகு போய்ப் பார்க்கக் கூடாது. ‘பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்கவும் கூடாது. கேட்டால், உங்கள் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: வெளியேறும் தேதியை முதலில் குறியுங்கள்

பலர் தரம் பிரித்துப் பை கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். அந்தப் பை நடைக்கூடத்தில் நான்கு மாதம் இருக்கும், பிறகு ஒவ்வொன்றாக உள்ளே திரும்பும். ஆகவே எடுத்துச் செல்பவருக்கோ, கொண்டு போகும் நாளுக்கோ ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு பெட்டியைத் திறங்கள். அரை மணி நேரம் போதும். மனம் களைத்தால் எல்லாமே ‘வைத்துக்கொள்’ பக்கம் சாயும். கேபிள்கள், காலி டப்பாக்கள், இரட்டையாக இருப்பவை என்று முகம் இல்லாதவற்றில் தொடங்குங்கள். கடிதங்களும் புகைப்படங்களும் கடைசி.

கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை சில. கைபேசியில் கணக்குகளில் இருந்து வெளியேறி, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் சொல்லி ஒப்படையுங்கள். அடி வாங்கிய தலைக்கவசத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் காக்கும். கம்பி தெரியும் மின்சாதனத்தையும் கொடுக்காதீர்கள். உடைந்ததை ‘ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நன்கொடைப் பெட்டியில் விழும் கிழிந்த செருப்பைத் தரம் பிரிக்கவும் யாரோ ஒருவர் குனிய வேண்டியிருக்கிறது.

ஆறாம் படி: படம் எடுத்து, இரண்டு வரி எழுதுங்கள்

காரன் வின்டரிச் உள்ளிட்ட மூவர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மாணவர் விடுதிகளில் நடந்தது. சாதாரணமாகப் பொருள்களைக் கொடுக்கச் சொன்ன விடுதிகளில் 533 பொருள்கள் சேர்ந்தன. நினைவுக்குப் படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்று சொன்ன விடுதிகளில் 613 சேர்ந்தன. படத்துக்குக் கீழே அந்தப் பொருள் எப்படி வந்தது, எங்கே போனது என்று இரண்டு வரி எழுதினால் கணக்கு முடிந்தது என்பதற்கு ஒரு சான்று கிடைக்கும். ஒரு பொருளுக்கு ஒரு படம். பதினேழு கோணங்களில் எடுத்தால் பரண் கைபேசிக்குள் குடியேறிவிடும்.

ஏழாம் படி: அன்றிரவு வரும் உறுத்தல்

வரும். படுத்த பிறகு வரும். கொடுத்தவற்றின் பட்டியலைப் பார்த்து, ‘உண்மையில் எது வேண்டும்?’ என்று கேளுங்கள். எதுவும் வேண்டியிருக்காது, உறுத்தல் மட்டும் சில நாள் இருக்கும். ஒன்றிரண்டில் தவறும் நேரலாம். சாவி கொடுக்கும் மேசைக் கடிகாரம் ஒன்றின் சாவியை ஏதோ துருப்பிடித்த துண்டு என்று போட்டுவிட்டேன், கடிகாரம் மட்டும் இருக்கிறது. அதற்காக மீதி எழுபது பொருள்களையும் வைத்திருந்திருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை என்றுதான் படுகிறது.

பிறர் பொருளில் கை வைக்க வேண்டாம். வீட்டில் மற்றவர் சேர்த்ததை அவர் இல்லாத நேரம் பார்த்து அப்புறப்படுத்தினால், பொருள் போகும், நம்பிக்கையும் சேர்ந்து போகும். அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். படுக்கையில் படுக்க இடம் இல்லை, அடுப்பை மூட்ட முடியவில்லை, வாசலுக்கு வழி அடைபட்டுவிட்டது, ஒரு தாளை எறிய நினைத்தாலே பதற்றம் வருகிறது என்ற நிலை என்றால், அது இந்தத் தாள் துண்டுகளால் தீரும் காரியம் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டிலும், உலக சுகாதார அமைப்பின் 2022 முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாட்டிலும் அது தனிக் கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் பலருக்குப் பலன் கிடைக்கிறது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள்.

உள்ளே வரும் பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாக வரும் பொருளை வாங்கும் முன், அதன் தாள் துண்டில் என்ன எழுதுவேன் என்று யோசிக்கிறேன். பாதியை வாசலிலேயே மறுத்துவிட முடிகிறது.

குடைக்கு நான் எழுதிய மூன்று வரி: பழுது பார்ப்பவரிடம் கேட்பேன், ஒரு மணி நேரம், மாதக் கடைசிக்குள். கொண்டு போனேன். அவர் விரித்துப் பார்த்து, இந்த அளவுக் கம்பி இப்போது வருவதில்லை, வேறொரு பழைய குடை வந்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம் என்றார். அப்படி வந்தால் இதைச் சரிசெய்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வராவிட்டால் இதன் ஆறு கம்பிகளையும் கைப்பிடியையும் வேறு குடைக்குப் போடுங்கள் என்று சொன்னேன். சரி என்று வாங்கி, சுவரோரம் நின்ற மற்ற குடைகளோடு சாத்தினார். அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் நடக்கிறேன்.